‘என்பாரும் உளர்’: உரைமரபின் மறுப்பும் ஆய்வறமும்

தமிழ் உரைநூல்களைப் பயில்வோர் ‘என்பாரும் உளர்’, ‘ஒருசாரார் கூறுப’, ‘அது பொருந்தாமை அறிக’ என்றாற்போன்ற தொடர்களைப் பலகாலும் காண்பர். பிறர் கருத்தொன்றை எடுத்துக்காட்டி, அதனை உடையார் பெயரைக் கூறாமலே மறுத்து மேற்செல்லும் நெறி அது. இக்காலத்துப் பல்கலைக்கழக ஆய்வேடுகளிலும் இதனை ஒத்த தொடர்கள் மலிந்துள்ளன. ‘அறிஞர் சிலர் கருதுவர்’, ‘இதற்கு மாறாகக் கூறுவாரும் உண்டு’ என எழுதும் ஆய்வாளரை, அச்சிலர் யாவர் என வினவின், உரையாசிரியர் மரபைப் பின்பற்றி எழுதினேன் என்னும் விடை வருவதுண்டு. இரண்டும் ஒரு மரபின் தொடர்ச்சி என்று எண்ணி நம்மிற் பலர் அமைதியுறுகின்றோம். அவ்வாறு எண்ணுதற்கு இடமில்லை என்பதும், பெயர் சுட்டாமை என்னும் ஒரே செயல் உரைகாரர் காலத்தில் ஒரு தன்மையதாகவும் நம் காலத்தில் வேறொரு தன்மையதாகவும் ஆகிவிட்டது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

முதற்கண் பரிமேலழகர் உரையை நோக்குவோம். திருக்குறளுக்கு உரை கண்டோர் பதின்மர் எனப் பழைய வெண்பா ஒன்று பெயர் கூறுகின்றது. அவருள் மணக்குடவர், பரிதியார், காளிங்கர், பரிப்பெருமாள், பரிமேலழகர் ஆகிய ஐவர் உரைகளே நமக்குக் கிடைத்துள்ளன. தருமர், தாமத்தர், நச்சர், திருமலையர், மல்லர் என்னும் ஐவர் உரைகளும் மறைந்தன. பரிமேலழகர் பிறர் பாடத்தையும் பிறர் பொருளையும் சுட்டி மறுக்கும் இடங்கள் பல. ஆயினும் பெரும்பாலும் இன்னார் உரை என்று அவர் குறிப்பதில்லை. மணக்குடவர் உரையின் அறத்துப்பாலை வ. உ. சிதம்பரனார் 1917இல் அச்சிட்ட பின்னர், ஏனையோர் உரைகளும் ஒவ்வொன்றாக வெளிவந்து, ச. தண்டபாணி தேசிகரின் திருக்குறள் உரைவளம் போன்ற தொகுப்புகளில் ஒருங்கு வைக்கப்பெற்ற பின்னரே, பரிமேலழகர் மறுத்த கருத்துகளுட் சில எவருடையவை என எளிதில் ஒப்பிட்டுக் காண இயன்றது. எஞ்சியவற்றின் நிலை யாது? கிடைத்த நான்கு உரைகளிலும் காணப்பெறாத பொருளொன்றை ‘உளர்’ என்னும் சொல்லால் சுட்டி அவர் மறுப்பாராயின், அப்பொருள் தருமருடையதாகலாம், தாமத்தருடையதாகலாம், ஏட்டில் ஏறாமல் பாடஞ் சொல்லும் இடங்களில் மட்டும் வழங்கியதாகவும் இருக்கலாம். ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் உழைத்துக் கண்ட உரையில் இன்று எஞ்சியிருக்கும் ஒரே கூறு அங்கே பெயரின்றிக் கிடக்கின்றது என்றால், அதனை அவர்க்கு மீட்டுக் கொடுக்க வழியில்லை. மறுக்கப்பட்ட நிலையிலேனும் அது பெயரோடு நின்றிருக்கலாம்.

இதனால் பரிமேலழகரைக் குறை கூறுதல் முறையாகாது. அவர் யார்க்கு உரை எழுதினார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏட்டுச்சுவடிக் காலத்தில் உரை என்பது தனியே இருந்து கண்ணால் வாசித்தற்கு உரிய நூலாக இருந்ததில்லை. ஆசிரியர் ஒருவர் முன்னிருந்து பாடங் கேட்டற்கு உரிய துணையாக அது விளங்கிற்று. ‘என்பாரும் உளர்’ என்ற அளவில் மாணாக்கன் முகம் நோக்குவான். அவர் இன்னார் என ஆசிரியர் வாய்மொழியால் கூறுவார். ஏட்டில் இல்லாத பெயர் பாடஞ் சொல்லும் அவையில் இருந்தது. அன்றியும், கருத்தை மறுத்தலே போதும், கருத்துடையாரைச் சுட்டி இழிவு செய்தல் வேண்டா என்னும் பண்பாடும் அதன்கண் உண்டு. நன்னூற் பாயிரம் நூலாசிரியர் கொள்ளத்தக்க மதங்கள் ஏழு என வகுத்துள்ளது. உடன்படுதல், மறுத்தல், முதலில் உடன்பட்டுப் பின்னர் மறுத்தல், தானொரு பொருளை நிறுத்தி இறுதிவரை அதனைக் காத்தல், இருவர் மாறுபட்ட இடத்து ஒருவர் பக்கம் துணிதல், பிறர் நூற் குற்றங் காட்டுதல், பிறரோடு உடன்படாது தன் கொள்கையே கொள்ளுதல் என்பன அவை. ஏழனுள் ஒன்றேனும் நேரிய உடன்பாடு; ஏனையவற்றுட் பெரும்பாலானவை ஏதேனும் ஒருவகையில் மாறுபாடு. மாறுபடுதலை அறிவுத் தொழிலின் இயல்பாகவே நம் இலக்கணிகள் கொண்டனர் என்பதற்கு வேறு சான்று வேண்டா. மறுப்பு என்றதும் முகஞ் சுளிக்கும் வழக்கம் இலக்கண மரபிலிருந்து நமக்கு வந்ததன்று.

பெயர் சுட்டுதலும் அம்மரபில் விலக்கப்பட்டதில்லை. சேனாவரையர் தமக்கு முற்பட்ட இளம்பூரணரை ‘உரையாசிரியர்’ என்னும் சிறப்புப் பெயராலேயே சுட்டிப் பல இடங்களில் மறுக்கின்றார். அவர் மறுப்புக் கூரியது. ஆயினும் மறுக்கப்படுபவர் இன்னார் என்பதும், அவர் கூறியது இன்னது என்பதும், அது பொருந்தாமைக்குக் காரணம் இன்னது என்பதும் தெளிவாக நிற்கும். பின்வந்த நச்சினார்க்கினியர் சேனாவரையரை மறுப்பார். சிவஞான முனிவர் தம் தொல்காப்பிய முதற்சூத்திர விருத்தியில் இவர் அனைவரையும் வினாவுக்கு உட்படுத்துவார். ஐந்நூறு ஆண்டுகட்கு மேலாக நிகழ்ந்த இவ்வுரையாடலைச் சொல்லதிகாரம் பயிலும் இன்றைய மாணவன் ஒருவன் வரிசைப்படுத்திக் காண இயலுவது பெயர்கள் நின்றமையால்தான்.

மறுக்கப்பட்டார் பெயரில் இவ்வாறு நெகிழ்ச்சி இருந்தபோதிலும், தமக்குக் கொடுத்தார் பெயரைக் கூறுவதில் நம் முன்னோர் கண்ணுங் கருத்துமாக இருந்தனர். இறையனார் களவியல் உரை இதற்கு நல்ல சான்று. அவ்வுரை நக்கீரரிடம் தோன்றி, அவர் மகனார் கீரவி கொற்றனார் வாயிலாக ஒருவர்பின் ஒருவராகப் பல ஆசிரியர்களைக் கடந்து, முசிறி ஆசிரியர் நீலகண்டனாரிடம் வந்து சேர்ந்த வழியை அந்நூலின் முகப்பே பெயர் பெயராக எடுத்துரைக்கின்றது. இவ்வழிமுறை வரலாற்றளவில் முற்றும் உண்மையா என்பது வேறு வினா. உரை எழுதியவர் தம் கடனை முதலில் எண்ணிக் காட்டிய பின்னரே பொருளுக்குள் நுழைந்தார் என்பதே ஈண்டு நாம் கருதத்தக்கது.

ஆயின் சொற்களைப் பொறுத்தவரை கடன் என்னும் எண்ணமே வேறுவகையாக இருந்தது. முன்னோர் பொருளை ஏற்பதோடு அவர்தம் சொல்லையும் பெரும்பொருளாக மதிக்கின்றோம் எனக் காட்டுதற்கு அவர் நூற்பாவையே எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பது நன்னூலார் கருத்து. திருவாரூர் வைத்தியநாத தேசிகர் பதினேழாம் நூற்றாண்டில் இயற்றிய இலக்கண விளக்கத்தில் தொல்காப்பிய நூற்பாக்களும் நன்னூல் நூற்பாக்களும் உருமாறாமலே பலவாக இடம்பெற்றுள்ளன. அக்காலத்தார் இதனைக் களவு என்று கருதியிரார். தொல்காப்பியமும் நன்னூலும் எல்லார்க்கும் மனப்பாடம். எடுத்தது எங்கிருந்து என்பது கேட்ட அளவில் விளங்கும். மறைத்தல் என்னும் குற்றம் அங்கே நிகழ்தற்கு வழியில்லை. எல்லார்க்கும் தெரிந்த பொன்னை எடுத்துத் தன் அணியில் பதித்துக்கொள்பவன் கள்வன் ஆகான்.

இனிச் சற்று நின்று காணத்தக்கது சிவஞான முனிவர் செயல். திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்த அப்பெருமகனார் 1785இல் மறைந்தார். நன்னூலை முன்னிட்டு அவர் செய்த பணி ஒன்று. இலக்கண விளக்கத்தை முன்னிட்டுச் செய்தது மற்றொன்று. இரண்டையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்தோர் அரியர்.

திருநெல்வேலிச் சங்கரநமச்சிவாயர் நன்னூலுக்கு ஓர் அரிய விருத்தியுரை செய்தார். அவ்வுரையை முனிவர் எடுத்துத் தம் கருத்துக்கு ஏற்பச் சில இடங்களில் திருத்தியும் சில இடங்களில் கூட்டியும் அமைத்தார். அங்ஙனம் திருந்திய உரையே ஆறுமுக நாவலரால் 1851இல் அச்சேறி, நீண்டகாலம் நன்னூல் விருத்தியுரை என வழங்கிற்று. சங்கரநமச்சிவாயர் செய்து முனிவர் திருத்தியது என இருவர் பெயரும் அதனோடு சேர்ந்தே வழங்கிவருகின்றன. ஒருவர் உரையைத் தமதாக்கிக்கொள்ளும் எண்ணம் முனிவர்க்கு இல்லை என்பது இதனால் வெளிப்படை. ஆயினும் உரைக்குள்ளே புகுந்த வாசகனுக்கு எந்த வரி எவருடையது என்பது தெரியாது. ஓரிடத்தில் சங்கரநமச்சிவாயர் கொண்ட கருத்தை முனிவர் ஏலாது மாற்றியிருப்பின், அம்மாற்றம் மறுப்பாகத் தோன்றாது. முதலுரையாசிரியர் கூற்றாகவே தோன்றும். தாம் கூறாத ஒன்றைக் கூறியவராகச் சங்கரநமச்சிவாயர் பல தலைமுறை மாணாக்கர்க்குக் காட்சியளித்தார். அவருடைய உரையை உ. வே. சாமிநாதையர் 1925இல் பதிப்பித்தார். இரண்டுரையையும் அருகருகே விரித்து வைத்துக் கொண்டு, திருத்தப்படுமுன் அவர் என்ன கூறினார் எனக் காணும் வாய்ப்பு அதன் பின்னரே பொதுவாசகர்க்கு எய்திற்று.

மற்றொன்று இலக்கண விளக்கச் சூறாவளி. வைத்தியநாத தேசிகரின் நூலையும் உரையையும் பகுதி பகுதியாக எடுத்து, குற்றங் காட்டி, கடுஞ்சொல்லும் விரவ எழுதிய மறுப்பு நூல் அது. பெயரே அதன் போக்கைக் கூறும். முனிவர் காலத்தில் தேசிகர் உயிரோடில்லை. மறுமொழி கூறுதற்கு வழியில்லை. அந்நடையை அறிஞர் பலர் விரும்புவதில்லை, யானும் விரும்புவதில்லை. கற்றவர் ஒருவரை மறுக்குங்கால் அவர் அறிவையே எள்ளுதல் மறுப்பின் வலிமையைக் கூட்டாது என்பது முனிவர் போன்ற பேரறிஞர்க்குத் தெரியாததன்று.

எனினும் ஆய்வறம் என்னும் ஒன்றை மட்டும் அளவுகோலாகக் கொண்டு பார்த்தால், பணிவுடைய நன்னூல் விருத்தியைக் காட்டிலும் கடுமையுடைய சூறாவளியே குற்றம் குறைந்தது என்று கூறவேண்டியுள்ளது. இவ்வாறு கூறுதல் சிலர்க்கு வியப்பளிக்கலாம். சூறாவளியில் தேசிகர் கூறியது எது, முனிவர் கூறுவது எது என்பதில் மயக்கமில்லை. இலக்கண விளக்கத்தைச் சி. வை. தாமோதரம் பிள்ளை 1889இல் அச்சிட்டார். அப்பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, முனிவர் கூறும் ஒவ்வொரு குற்றத்தையும் வாசகன் தானே ஆராய்ந்து, இவ்விடத்து முனிவர் கூற்றுப் பொருந்தும், இவ்விடத்துப் பொருந்தாது எனத் துணியலாம். சூறாவளி தேசிகர்க்கு இன்னாதது, வாசகனுக்கு நேர்மையானது. விருத்தியோ சங்கரநமச்சிவாயர்க்கு மரியாதை செய்வது. வாசகன் தீர்ப்புக் கூறும் உரிமையை அவனறியாமலே எடுத்துக்கொள்வது. நம் பல்கலைக்கழகங்களில் கடுஞ்சொல்லை அறக்கேடு என்று உடனே உணர்கின்றோம். மென்மையான மறைப்பை அவ்வாறு உணர்வதில்லை. முனிவர்தம் இருபணிகளையும் சீர்தூக்கும்போது இவ்வுணர்வு தலைகீழாக அமைந்துள்ளது தெரியவரும்.

அச்சு வந்தபின் நிலைமை அடியோடு மாறிற்று. நூல், ஆசிரியர் இல்லாத இடத்திலும் வாசிக்கப்படும் பொருளாயிற்று. ‘உளர்’ என்ற சொல்லுக்குப் பின்னால் நின்று பெயர் கூறும் வாய்மொழி அற்றுப்போயிற்று. இம்மாற்றத்தை உணர்ந்து புதியதோர் ஒழுக்கத்தைப் படைத்தவருள் உ. வே. சாமிநாதையர் தலையாயவர். 1887இல் வெளிவந்த சீவகசிந்தாமணிப் பதிப்பு முதலாக அவர்தம் முகவுரைகளில் ஏடு உதவினோர் பெயர்கள் ஊரோடும் உரிமையோடும் நிரலே கூறப்பட்டுள்ளன. இன்று சிலர் அப்பட்டியல்களை வெறும் நன்றியுரை என்று தாவிச் செல்வர். அவை நன்றியுரை மட்டுமல்ல. எந்தப் பாடம் எவர் வீட்டு ஏட்டிலிருந்து வந்தது எனப் பின்வருவோர் தேடிச் செல்லுதற்கு உரிய வழியும் அவையே.

சிந்தாமணி ஆராய்ச்சியில் சமண சமயச் செய்திகள் அவர்க்கு விளங்கவில்லை. குடந்தையிலிருந்த சமணர் சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் சென்று கேட்டுத் தெளிந்ததை அவர் மறைத்திலர். கல்லூரி ஆசிரியர் ஒருவர், காவியத்தை மரபாகப் படித்துவந்த இல்லறத்தாரிடம் மாணாக்கராக அமர்ந்ததை அச்சிற் கூறுதற்கு அக்காலத்திலும் மனத்திட்பம் வேண்டியிருந்தது. மணிமேகலைப் பதிப்பில் புத்த சமயக் கருத்துகளை விளக்கித் துணைபுரிந்த மளூர் ரங்காசாரியாரையும் அவ்வாறே போற்றியுள்ளார். சிந்தாமணிக்கு உரை கண்ட நச்சினார்க்கினியரைப் பற்றியும் ஒரு செய்தி வழிவழியாக வழங்கிவருகின்றது. முதலில் அவர் எழுதிய உரையைச் சமணர் ஏற்கவில்லை. பின்னர் அவர் சமண நூல்களைப் பயின்று உரையைத் திருத்தி எழுதினார் என்பது அது. உரைப் பிரதிகளில் இருவகை வேறுபாடு இருந்தமை சாமிநாதையர் ஆராய்ச்சியில் புலனாயிற்று. இக்கதை எங்ஙனமாயினும் ஆகுக. தாம் ஆராயும் பொருளுக்கு உரியவர் ‘இது பொருந்தாது’ என்று கூறும்போது கேட்டுத் திருத்திக்கொண்ட அறிஞர் ஒருவரைப் பற்றிய கதையைத் தமிழுலகம் மறவாது காத்தது.

ஆசிரியர்பால் அன்பு வேறு, ஆசிரியர் எல்லையைக் கூறுதல் வேறு என்பதற்கும் சாமிநாதையர் வாழ்வே காட்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக எழுதி வெளியிட்ட மாணாக்கர் அவர். அவரினும் ஆசிரியப் பற்றுடையாரைக் காண்டல் அரிது. அவரே தம் வரலாற்றில், 1880இல் சேலம் இராமசாமி முதலியார் சிந்தாமணி முதலிய நூல்களைப் படித்ததுண்டா என வினவியபோது, தாமும் படித்ததில்லை, தம் ஆசிரியரும் படித்ததில்லை என விடையிறுத்ததை எழுதியுள்ளார். அச்சொல்லால் பிள்ளையவர்கள் பெருமை சிறிதும் குன்றவில்லை. அக்காலத் தமிழ்க்கல்வியின் எல்லை இன்னது என நாம் அறிதற்கு அதுவே முதன்மையான சான்றாகின்றது.

இனி நம் காலத்துக்கு வருவோம். ஆய்வாளன் ஒருவன் ஒரு நூலின் காலத்தை ஆராய்கின்றான் என வைத்துக்கொள்வோம். அவனுக்குக் கிடைத்த கல்வெட்டுச் சான்று, அவன் நெறியாளர் பல ஆண்டுகட்கு முன் எழுதி நிலைபெற்ற முடிபுக்கு மாறாக நிற்கின்றது. அவன் முன் மூன்று வழிகள் உள்ளன. சான்றை விட்டுவிடலாம், இது பொய். நெறியாளர் பெயரையும் நூலையும் சுட்டி, அவர் காரணங்களை எடுத்துக்காட்டி, மறுக்கலாம். இது நேரிய வழி, ஆயின் பட்டமும் பணியும் நெறியாளரின் கையொப்பத்தைச் சார்ந்திருக்கும் நிலையில் எளிய வழியன்று. மூன்றாவது வழி, ‘அறிஞர் சிலர் முற்பட்ட காலம் கூறுவர், அது மேலும் ஆராயத்தக்கது’ என எழுதுதல். நம் ஆய்வேடுகளில் மிகுதியும் காணப்படுவது இம்மூன்றாவது வழியே. நன்னூல் மாணாக்கனுக்குக் கூறிய உவமை நினைவுக்கு வருகின்றது. குளிர் காய்பவன் நெருப்பை மிக நெருங்காமலும் மிக நீங்காமலும் இருப்பதுபோல ஆசிரியரிடம் ஒழுகவேண்டும் என்பது அது. மிக நெருங்கலாகாது என்ற பாதியை நாம் அச்சத்தின் இலக்கணமாக்கிக்கொண்டோம். அணுக்கத்தின் அளவைக் கூறிய இடம் அது. உண்மையின் அளவைக் கூறியதன்று.

இங்குக் குறை மாணவனிடம் மட்டும் இல்லை. பெரும்பகுதி நெறியாளரிடத்தும் துறையிடத்தும் உள்ளது. தமக்கு மாறான முடிபைத் தம் மாணவன் தம் பெயர் சுட்டி எழுதுவதை ஏற்கும் நெறியாளர் எத்துணையர் என்பதே உண்மையான வினா. எஸ். வையாபுரிப் பிள்ளையின் காலக் கணிப்புகளைச் சுற்றி எழுந்த பூசல் இதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு. தொல்காப்பியத்தைக் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டியும் சிலப்பதிகாரத்தைக் கி.பி. எட்டாம் நூற்றாண்டை ஒட்டியும் வைத்த அவர் முடிபுகளை இன்றும் பலர் ஏற்பதில்லை. அவர் காட்டிய சொல்லாட்சிச் சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்த அறிஞர்கள் இருந்தனர். அவர்களால் ஆராய்ச்சி வளர்ந்தது. அவர்தம் தமிழ்ப்பற்றை ஐயுற்று அத்துடன் மறுப்பை முடித்துக்கொண்டோரும் இருந்தனர். அவர்களால் வளர்ந்தது யாது என யானறியேன். 1956இல் அவர் மறைந்த பின்னும் அவர் நூல்களைப் படியாமலே மறுக்கும் வழக்கம் வகுப்பறைகளில் நெடுநாள் நிலவியது.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வகுத்த விதிகள் ஆய்வேடுகளில் நிகழும் களவைத் தடுக்க முனைந்தன. ஒப்புமை பத்து விழுக்காட்டுக்கு உட்பட்டால் ஒறுத்தல் இல்லை; பத்துக்கு மேல் நாற்பது வரை ஆயின் ஆறு திங்களுக்கு மேற்படாத காலத்துள் திருத்திய ஆய்வேடு தருதல் வேண்டும்; நாற்பதுக்கு மேல் அறுபது வரை ஓராண்டுக்காலம் ஆய்வேடு தரத் தடை; அறுபதைக் கடந்தால் பதிவே நீக்கப்படும். மேற்கோள் என முறைப்படி சுட்டிய பகுதிகள் கணக்கில் சேரா. தம் மேற்பார்வையில் எழுந்த ஆய்வேடு களவற்றது என நெறியாளரும் சான்றளித்தல் வேண்டும். இவ்விதிகள் வேண்டா என்று கூற இயலாது. அவற்றால் அப்பட்டமான களவு ஒருவாறு அஞ்சப்படுகின்றது. ஆயின் கருவி அளப்பது சொல்லை. முன்னோர் சொல்லைப் போற்றி அவ்வாறே வைத்தவன் அடையாளக் குறி ஒன்றை விட்டுவிட்டால் அகப்படுவான். ஒருவருடைய கருத்து முழுவதையும் எடுத்து, சொற்களை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றிவைத்தவன் தப்பிவிடுவான். சேனாவரையர் விளக்கத்தைப் புதிய உரைநடையாக்கித் தன் கண்டுபிடிப்பாக எழுதிய பக்கத்தில் ஒப்புமை விழுக்காடு சுழியமாகவே இருக்கும். நன்னூலார் மதித்த செயல் குற்றமாகவும், அவர் கனவிலும் எண்ணாத செயல் குற்றமற்றதாகவும் ஆகும் இந்நிலையைக் கருவி திருத்தாது; இரண்டு நூல்களையும் படித்த நெறியாளர் ஒருவரே திருத்த இயலும். சான்றிதழில் கையொப்பமிடுவார் எல்லாரும் அவ்வாறு படிக்கின்றனரா என்பதை அவரவர் அறிவர்.

கட்டுரை வெளியீட்டு விதியாலும் ஒரு தீங்கு நேர்ந்தது. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி ஆய்வேடு தருமுன் ஆய்விதழில் ஒரு கட்டுரையேனும் வெளியிடுதல் கட்டாயமாயிற்று. அதனால் எழுந்த கட்டுரைகளில், ஒரு வரியும் எழுதாத நெறியாளர் பெயர் மாணவன் பெயரோடு சேர்ந்து வருவதும், சிலபோது முன்னே வருவதும் வழக்கமாயின. 2022இல் அக்கட்டாயம் நீங்கியது. வழக்கம் நீங்கிற்றா என்பதை இதழ்களின் பொருளடக்கமே கூறும். விருத்தியுரையை முனிவர் பெயரால் மட்டும் வழங்காமல் சங்கரநமச்சிவாயர் பெயரை முன்வைத்தே வழங்கிய மரபை ஈண்டு ஒப்பிட்டு நோக்குக.

பெயர் கூறுதலே எப்பொழுதும் அறம் என்று கொள்ளுதற்கும் இடமில்லை. நாட்டார் வழக்காற்று ஆய்வில் இச்சிக்கல் கூர்மையாக எழும். நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட தமிழர் நாட்டுப் பாடல்கள் என்னும் தொகுப்பில் பாடல்களின் கீழே சேகரித்தவர் பெயரும் இடமும் குறிக்கப்பட்டுள்ளன. களத்தில் இறங்கி அலைந்தவர்தம் உழைப்பு, தொகுத்தவர் பெயருக்குள் கரைந்துவிடாமல் நின்றது. பிற்காலத் தொகுப்புகள் சிலவற்றில் இவ்வளவுதானும் இல்லை. ‘களப்பணியில் திரட்டியது’ என்பதோடு அமைகின்றன. நூறு பாடல் பாடிய மூதாட்டி தகவலாளர் என்னும் பொதுச்சொல்லாகி மறைகின்றார். ஆயின், ஒரு பாடலோ கதையோ ஊரின் சாதிப் பூசலையோ ஒரு குடும்பத்தின் துயரையோ வெளிப்படுத்துமாயின், பாடியவர் பெயரை அச்சிடுதல் அவர்க்கே கேடாக முடியலாம். அங்கே பெயர் மறைத்தல் ஆய்வாளன் கடமை. எவர் நலன் கருதி மறைக்கின்றோம் என்பதே இரண்டையும் வேறுபடுத்துவது. பாடியவரைக் காத்தற்கு மறைப்பதும், தன்னைக் காத்துக்கொள்ளுதற்கு நெறியாளரை ‘அறிஞர் சிலர்’ ஆக்குவதும் ஒன்றாகா.

தேர்வாளரைப் பற்றியும் சில கூறுதல் வேண்டும். வாய்மொழித் தேர்வில் மாணவன் முடிபைத் தேர்வாளர் வினவும்போது, அம்முடிபு அவருடைய நூலொன்றோடு முரணுவதை அவையிலுள்ளார் அனைவரும் அறிவர். எவரும் வாய் திறவார். அவர் வினாவும் ‘சிலர் இவ்வாறு கூறுகின்றனரே’ என்றே அமையும். தம் கருத்தைத் தம்முடையது எனக் கூறி, அதனை மறுக்க மாணவனுக்கு வெளிப்படையாக இடந்தந்து, மறுப்புப் பொருந்தின் அதனை அறிக்கையில் எழுதும் தேர்வாளர் மிகச் சிலரே.

களவியல் உரையில் வரும் தேர்வாளரை நாம் வெறும் தொன்மக் கதை எனத் தள்ளிவிடுகின்றோம். சங்கப் புலவர் உரைத்த உரைகளுள் மெய்யுரை எதுவெனத் தெரிதற்கு அவர் நாடியது உருத்திரசன்மன் என்னும் ஐயாட்டைச் சிறுவனை, அவனோ மூங்கை. எவர்க்கும் கடன்பட்டவனல்லன், தனக்கென ஓர் உரை எழுதியவனுமல்லன். நக்கீரர் உரை கேட்ட இடமெல்லாம் அவன் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்ப்ப இருந்தான் என்பது பலரும் அறிந்த செய்தி. மருதனிளநாகனார் உரைத்தபோது சிலவிடத்து மட்டும் அவன் அவ்வாறு இருந்தான் என்பதையும் அவ்வுரை கூறியுள்ளது. உலகில் வழங்கியது நக்கீரர் உரை. மருதனிளநாகனார் உரை கிடைத்திலது. ஆயினும் கதை எழுதியவர் ‘பிறர் சிலர் உரைத்தனர்’ என விட்டுச் செல்லவில்லை.